கால் புண்ணும் பாசி மாத்திரையும்

கேள்வி: அப்பாவுக்கு வயது 63. பல வருடமாகச் சர்க்கரை நோய். வலது பாதத்தில் வந்த புண் ஒன்றரை மாதமாக ஆறவில்லை. சீழில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் ‘சூடோமோனாஸ்’ என்ற கிருமி என்று வந்து, ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார்கள். தெரிந்தவர் ஒருவர் சுருள்பாசி (ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசி) மாத்திரை கொண்டுவந்தார். “நீலப்பச்சைப் பாசி இயற்கையான ஆன்டிபயாடிக், ஊசியை நிறுத்திவிடலாம்” என்கிறார். ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றையும் காட்டினார். புற்றுநோய்க்கே இந்தப் பாசியிலிருந்து மருந்து வந்துவிட்டதாம். நம்பலாமா? வயலுக்காகத் தண்ணீர்த் தொட்டியில் வளர்க்கும் அசோலா என்ற மிதக்கும் செடியிலும் இதே பாசி இருக்கிறதாமே, அரைத்துப் புண்ணில் வைக்கலாமா? (வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: ஊசியை நிறுத்தாதீர்கள். அசோலாவைப் புண் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

உங்கள் தெரிந்தவர் முழுப் பொய் சொல்லவில்லை, அதுதான் சிக்கல். நீலப்பச்சைப் பாசிக்குக் கிருமியைக் கொல்லும் பொருள்களைத் தயாரிக்கத் தெரியும். மார்ஷல் தீவுகளின் மண்ணிலிருந்து எடுத்த ஒரு பாசியில் ஹபலின்டோல் என்ற பொருளை ஹவாய் விஞ்ஞானிகள் கண்டுபிடித்து 1984-ல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு இப்படி எத்தனையோ பொருள்கள் வந்துவிட்டன. நம் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. ஆனால் இந்தப் பாசிகளிலிருந்து பாக்டீரியா தொற்றுக்கான மருந்து ஒன்றுகூட இன்றுவரை மருந்துக்கடைக்கு வரவில்லை.

அவர் காட்டிய கட்டுரையில் ஒரு படம் இருந்திருக்கும்: கண்ணாடித் தட்டு, நடுவே ஒரு பொட்டு, அதைச் சுற்றித் தெளிவான வட்டம். தட்டு முழுக்கக் கிருமியைப் பூசிவிட்டு, பாசிச் சாற்றில் நனைத்த காகிதத்தை நடுவில் வைப்பார்கள். கிருமி வளராத இடம் வட்டமாகத் தெரியும். வினிகரை வைத்தாலும் வட்டம் விழும், பினாயிலை வைத்தாலும் விழும். அந்தச் சாறும் பாசியை மெத்தனால் போன்ற திரவத்தில் ஊறவைத்து, வற்றவைத்து எடுத்தது. மாத்திரையில் இருப்பது காய்ந்த பாசித் தூள். அதைத் தின்றால் குடலில் செரித்து, ரத்தத்தில் கலந்து, ரத்த ஓட்டமே குறைந்துபோன ஒரு பாதத்துக்குப் போதுமான அளவில் போய்ச் சேருமா என்பதற்கு அந்த வட்டத்தில் பதில் கிடையாது.

இன்னொன்று, அந்தக் கட்டுரையில் எந்தக் கிருமி என்று பாருங்கள். பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகையாகத்தான் இருக்கும். பாசிப் பொருள்கள் அந்த வகையிடம்தான் ஓரளவு வேலை காட்டுகின்றன. அப்பாவின் புண்ணில் இருக்கும் சூடோமோனாஸுக்கு மேலே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு. நல்ல நல்ல மருந்தையே உள்ளே விடாத கிருமி அது.

எனக்கு எரிச்சல் வருவது விற்பவர் மீது மட்டுமல்ல. வருடா வருடம் ஆராய்ச்சி மாணவர்கள் குளத்துப் பாசி, கோயில் சுவர்ப் பாசி, உப்பளப் பாசி என்று எடுத்து, வட்டத்தை அளந்து, பட்டம் வாங்கிப் போய்விடுகிறார்கள். பொருளைப் பிரித்தெடுத்து, மனித செல்லையும் சேர்த்துக் கொல்கிறதா என்று பார்த்து, எலியில் சோதிப்பதற்குப் பணமும் இல்லை, கேட்பாரும் இல்லை. கம்பெனிகளுக்கும் ஆன்டிபயாடிக் என்றாலே கசப்பு. அமெரிக்காவில் அக்கேயோஜன் என்ற நிறுவனம் 2018-ல் புது ஆன்டிபயாடிக் ஒன்றுக்கு அனுமதி வாங்கி, 2019-ல் திவாலானது. அப்புறம் யார் பாசியில் பணம் போடுவார்கள்? இந்தக் காலி இடத்தில்தான் மாத்திரை டப்பாவோடு ஆட்கள் நுழைகிறார்கள்.

புற்றுநோய் விஷயத்துக்கு வருவோம். அது உண்மை. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு உண்மையை வைத்துத்தான் மொத்த வியாபாரமும் நடக்கிறது. மொரீசியஸ் பக்கம் கடல் முயல் என்ற நத்தை இனத்து உயிரிலிருந்து டோலாஸ்டாடின் 10 என்ற பொருளைப் பிரித்து, 1987-ல் வெளியிட்டார்கள். டன் கணக்கில் பிராணியைச் சேர்த்தால் மில்லிகிராம் கணக்கில் கிடைக்கும். பிற்பாடு, பலாவு தீவுப் பக்கம் சிம்ப்ளோகா என்ற நீலப்பச்சைப் பாசியிலேயே அது இருப்பது தெரிந்தது. கடல் முயல் பாசியை மேய்ந்துதான் சேர்த்துவைத்திருக்கிறது. நோயாளிகளுக்கு அப்படியே கொடுத்துப் பார்த்தபோது தேறவில்லை, நச்சு அதிகம். அதைப் பார்த்து அமைப்பை மாற்றி ஆய்வகத்தில் புதிதாக ஒன்றைச் செய்து, புற்றுநோய் செல்லைத் தேடிப் போகும் ஆன்டிபாடி என்ற புரதத்தோடு இணைத்த பிறகுதான் பிரென்டுக்ஸிமாப் வெடோடின் என்ற மருந்தாக 2011-ல் அனுமதி கிடைத்தது. ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரியில் வைத்து டிரிப்ஸில் ஏற்றுகிற மருந்து அது. ஆக, பாசி வேறு, நோய் வேறு, மருந்தில் இருப்பது பாசியும் அல்ல. உங்கள் டப்பாவில் இருக்கும் சுருள்பாசிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்கிறது, அரசு அனுமதித்தது என்பார்கள். அது உணவுக்கான உரிமம். நியாயமான டப்பா என்றால் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், தேடிப் பாருங்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் வருடச் சட்டமே தடுக்கிறது. வாயால் சொல்வதை யார் பிடிப்பது? சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வந்தால் “கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி” என்பார்கள். காய்ச்சல் வந்தாலும் அதையேதான் சொல்வார்கள். அந்த வார்த்தையை நம்பிக் காத்திருந்த நாட்களில் விரல் கறுத்துப்போய் வந்தவர்களின் சாம்பிள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருக்கிறது.

சுருள்பாசி விஷமா என்றால், இல்லை. சுத்தமாக வளர்த்தால் சத்துணவு, நூற்றுக்கு அறுபது பங்கு வரை புரதம். ஆனால் அரை கிராம் மாத்திரை நாலு சாப்பிட்டால் கிடைப்பது ஏறக்குறைய ஒரு கிராம் புரதம். ஒரு முட்டையில் ஆறு கிராம். புண் ஆறப் புரதம் வேண்டும், சரி. முட்டை வாங்குங்கள்.

திறந்த தண்ணீரில் தானாக வளரும் பாசி வேறு கதை. மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகை கல்லீரலைத் தாக்கும் நச்சை விடும். 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரத்தில் அந்த நச்சு கலந்த நீரை டயாலிசிஸுக்குப் பயன்படுத்தியதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். அசோலா இலைக்குள் இருப்பது அனபீனா, நெல்லுக்குத் தழைச்சத்து தரும், நல்ல பாசிதான். ஆனால் தொட்டித் தண்ணீரில் அது மட்டுமா இருக்கிறது? சூடோமோனாஸே தண்ணீரில் வளரும் கிருமி.

இனி செய்ய வேண்டியது. ஊசி போட்டும் ஆறவில்லை என்றால், கிருமி மட்டும் காரணமாக இருக்காது. கல்ச்சருக்காகப் புண்ணின் மேற்பரப்பில் மட்டும் பஞ்சால் ஒற்றி எடுத்தார்களா, புண்ணைச் சுத்தம் செய்து ஆழத்திலிருந்து சதை எடுத்தார்களா என்று கேளுங்கள். மேலே ஒற்றியதில் புண்ணில் சும்மா உட்கார்ந்திருக்கும் கிருமியும் வரும். தாலுகா அளவில் கல்ச்சர் வசதியே பல இடங்களில் இல்லாதபோது இதைக் கேட்கச் சொல்வது அதிகம்தான், ஆனாலும் கேளுங்கள். எலும்பு வரை போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே, காலுக்கு ரத்தம் போகிறதா என்று டாப்ளர் ஸ்கேன், இரண்டும் தேவை. அந்தக் காலை ஊன்றி நடக்கவே கூடாது. கருமை, நாற்றம், சிவப்பு மேலே ஏறுவது, காய்ச்சல், இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

டப்பாவைப் பிரிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள். இப்படிக் கடை இல்லாமல் ஆள் மூலம் விற்கும் நேரடி விற்பனைக்காரர்களுக்கு 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. பணம் திரும்பப் பெறும் வழியை அவர்களே உங்களுக்குச் சொல்ல வேண்டும். பில் தரவில்லை என்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.