கத்தி வைத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடுமா?

உப்புவெளியிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: 58 வயது அம்மாவுக்குப் பித்தப்பைக் கல், அடுத்த மாதம் கமரா போட்டுச் சத்திரசிகிச்சை. நீரிழிவும் உண்டு. "ஒருமுறை வெட்டினால் எதிர்ப்புச் சக்தி திரும்பவே வராது" என்று தெரிந்தவர் ஒருவர் பயமுறுத்தி, 14,000 ரூபாய்க்கு ஒரு மாவு டின்னை நீட்டுகிறாராம். வாங்கலாமா?

வேண்டாம். அந்தக் காசுக்கு மீன் வாங்குங்கள்.

வெட்டியது வைத்தியரா, வீதி விபத்தா என்று உடம்புக்குத் தெரியாது. இரண்டும் காயம்தான். கோர்ட்டிசோல் போன்ற சுரப்புகள் கூடி, கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் சிலவற்றை அடக்கி வைக்கும். இந்தத் தளர்ச்சி சில நாட்கள்; பெரிய சத்திரசிகிச்சையென்றால் சில வாரங்கள். பிறகு தானாகவே மீளும். கமராத் துளை சிறியது, ஆகவே தளர்ச்சியும் குறைவு.

உங்கள் அம்மாவுக்கு அதைவிடப் பெரிய பகை சீனி. இரத்தத்தில் அது 180ஐ (mg/dL) தாண்டி நின்றால் வெள்ளணுக்கள் மந்தமாகும், புண் சீழ் பிடிக்கும். இந்த ஒரு மாதத்தை அதைக் கட்டுப்படுத்தச் செலவிடுங்கள். கிரந்தி, புண்ணைப் பழுக்கவைக்கும் என்று சொல்லி முட்டையையும் மீனையும் நிறுத்தாதீர்கள். புண் ஆறப் புரதம் வேண்டும்.

மாவு விற்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. யாருக்கு என்ன சத்திரசிகிச்சை என்று வைத்தியசாலை வாசலிலேயே விசாரித்து அறிந்துகொண்டு வீடு தேடி வருவார்கள். பதிவில்லாத பொடிகள் சிலவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும். இரண்டு நாளில் பசி எடுக்கும், தெம்பு வரும், "பார்த்தீர்களா" என்பார்கள். அதே ஸ்டீரொயிட்தான் எதிர்ப்புச் சக்தியை அடக்குவது, சீனியை ஏற்றுவது!

எதிர்ப்புச் சக்தி நிரந்தரமாகக் குறையும் ஒரு சத்திரசிகிச்சை உண்டு: மண்ணீரலை எடுப்பது. அம்மாவுக்கு அது இல்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் மோட்டார் சைக்கிள் விபத்தில் மண்ணீரல் கிழிந்து, அதை எடுத்தது தெரியாமலே வாழ்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நிமோனியாவுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் எதிரான தடுப்பூசிகள் வேண்டும். திட்டமிட்ட சத்திரசிகிச்சையென்றால் இரண்டு வாரம் முன்பே போட வேண்டும். காய்ச்சல் வந்தால் பனடோலைப் போட்டுக்கொண்டு விடியும்வரை படுத்திருக்கக் கூடாது, உடனே வைத்தியசாலை. இவ்வளவும் வைத்தியசாலை கொடுத்துவிடும் அட்டையில் இருக்கும், ஆங்கிலத்தில்! அது பொலித்தீன் பையில் மடிந்து அலுமாரியில் கிடக்கும். தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று ஓரிடத்தில் கேட்டேன். படிவத்தில் அதற்கு இடமில்லையாம்.

அம்மாவுக்குச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு முதல் இரண்டு நாள் இலேசாக உடம்பு காய்ந்தால் பயப்பட வேண்டாம். மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல், புண்ணில் சீழ், கண்ணில் மஞ்சள் என்றால் தாமதிக்காதீர்கள். சீனி மாத்திரையை எந்தக் காலையில் நிறுத்துவது என்று மயக்க மருந்து வைத்தியரிடம் கேட்டு, தமிழில் எழுதி வாங்குங்கள்.