இருபது பேருக்குப் பழ ஐஸ்கிறீம் சோடா: எந்தப் பழம், எந்தச் சோடா?

சித்திரை விடுமுறைக்கு வீட்டில் இருபது பேர் கூடுகிறார்கள், ஐஸ்கிறீம் மிதக்கும் பழச் சோடா கொடுக்க விருப்பம், எந்தப் பழம் பொருந்தும், எவ்வளவு வாங்க வேண்டும், எப்போது கலக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் இருந்து கேட்பதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பழம் கொடித்தோடை. சோடா, நிறமும் இனிப்பும் இல்லாத வெறும் சோடா. ஐஸ்கிறீம் வனிலா. கலப்பது விருந்தாளி கையை நீட்டும் நேரத்தில்தான்.

கிறீம் சோடாவும் நெக்டோவும் கடை முழுக்க இருக்கும்போது வெறும் சோடா எதற்கு என்று வீட்டில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஐஸ்கிறீம் இனிப்பு, பழப் பாகு இனிப்பு. அவற்றின் மேல் மூன்றாவதாக ஓர் இனிப்பை ஊற்றினால் பழம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். 2016 முதல் இங்கே மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கு நிறக் குறி போடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. சிவப்புக் குறி உள்ள போத்தல் எதையும் இந்தப் பானத்துக்கு எடுக்காதீர்கள். ஒரே விலக்கு ஜிஞ்சர் பியர். அதுவும் அன்னாசியோடு மட்டும். இஞ்சியின் காரம் அன்னாசிக்கு அவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது, நிறக் குறியை அன்று ஒரு நாள் மறந்துவிடலாம்.

பானத்தின் ஊர் அமெரிக்கா. 1874 இல் பிலடெல்பியாவில் நடந்த ஒரு கண்காட்சியில் ரொபர்ட் மக்கே கிறீன் என்பவர் முதலில் விற்றார் என்று பரவலாகச் சொல்வார்கள். வேறு சிலரும் அந்தப் பெருமைக்கு உரிமை கோரியிருக்கிறார்கள். நமக்கும் இதில் பழைய உறவு உண்டு. இன்று எலிபன்ட் ஹவுஸ் என்ற பெயரில் சோடாவும் ஐஸ்கிறீமும் விற்கும் நிறுவனம், 1866 இல் கொழும்பில் ஓர் ஐஸ் கம்பனியாகத் தொடங்கியது. ஆகவே இந்த ஊரில் ஐஸும் சோடாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்.

இனிப் பழத்துக்கு வருகிறேன். கொடித்தோடையைச் சொல்லக் காரணம் அதன் புளிப்பும் மணமும். வனிலாவின் கொழுப்பையும் தாண்டி மூக்கை எட்டக்கூடிய பழம் நம் சந்தையில் வேறு அதிகம் இல்லை. தோல் சற்றுச் சுருங்கியதாகப் பார்த்து வாங்குங்கள்; பளபளவென்று இருப்பது பார்வைக்கு அழகு, புளிப்போ பல்லைக் கூசவைக்கும். இருபது பேருக்குப் பருமனைப் பொறுத்து 25 முதல் 30 பழம் போதும். சதையை வழித்து, பிளென்டரில் ஓரிரு விநாடி மட்டும் சுழலவிட்டு வடியுங்கள். அதிக நேரம் அடித்தால் விதை உடைந்து சாறு கறுத்துக் கசக்கும். அரை லீற்றர் சாறு தேவை. 350 கிராம் சீனியை 200 மில்லிலீற்றர் வெந்நீரில் கரைத்து, அது நன்றாக ஆறிய பிறகு சாற்றோடு கலந்து குளிரூட்டுங்கள். சாற்றை அடுப்பில் வைக்கவே கூடாது, மணம் ஆவியோடு போய்விடும். வடித்த விதையில் ஒரு பிடியைத் திரும்பப் போட்டால் பழத்தில்தான் செய்தது என்று பார்ப்பவருக்கும் தெரியும். ஆளுக்கு மூன்று மேசைக்கரண்டி வீதம் இந்தப் பாகு சரியாக வரும்.

அன்னாசிக்கு நேர் எதிரான விதி. பச்சை அன்னாசியில் புரோமிலெயின் என்ற நொதியம் இருக்கிறது. அது பாற்புரதத்தை வெட்டிச் சிதைப்பதால், ஐஸ்கிறீம் உருகி அதனோடு கலந்து சிறிது நேரத்தில் கசப்புத் தட்டும். பலர் இதற்கு ஐஸ்கிறீம் கம்பனியைத் திட்டுகிறார்கள். அன்னாசியைப் பொடியாக வெட்டிச் சீனியோடு பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் நொதியம் அழிந்துவிடும், கசப்பு வராது. ஒரு துண்டு கறுவாவும் போடலாம். தகரத்தில் வரும் அன்னாசி ஏற்கனவே சூடாக்கப்பட்டது என்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் மணமும் அவ்வளவாக இல்லை.

மாம்பழத்தை விட்டுவிடுங்கள். கறுத்தக்கொழும்பானைச் சோடாவில் கரைப்பது அந்தப் பழத்துக்குச் செய்யும் அநியாயம். அதைக் கையில் பிடித்துச் சாறு முழங்கை வரை வழியச் சாப்பிட வேண்டும். தடித்த சதை கிளாஸின் அடியிலேயே படிந்தும் கிடக்கும். விளாம்பழம் ருசியில் குறைவில்லை, கித்துள் பாணியும் வனிலாவும் சேர்த்தால் எனக்கு நன்றாகவே பிடிக்கும், ஆனால் சேற்று நிறத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். வத்தகைப்பழம் பாகுக்கு உதவாது, வெறும் தண்ணீர். அதைச் சிறு கட்டிகளாக வெட்டி உறையவைத்து ஐஸுக்குப் பதிலாகப் போட்டால் அழகு, பானமும் நீர்த்துப் போகாது.

நுரை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மேசைவிரிப்பு பாழாவது அதனால்தான். ஐஸ்கிறீமைக் கடையும்போது நுண்ணிய காற்றுக் குமிழிகள் அதற்குள் அடைபடுகின்றன. சோடாவில் கரைந்துள்ள காபனீரொட்சைட்டு, அந்தக் குமிழிகளையும் பனித் துகள்களையும் பற்றிக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறும். பாலின் புரதமும் கொழுப்பும் அந்த வாயுவைச் சட்டென்று போகவிடாமல் பிடித்து நுரையாக நிறுத்துகின்றன. சோடா வெதுவெதுப்பாக இருந்தால் வாயு இன்னும் வேகமாகக் கிளம்பும். ஏப்ரல் முதல் வாரம் தாண்டியதும் நண்பகலில் சூரியன் கொழும்பின் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அந்த நாட்களில் மேசைமேல் அரை மணி நேரம் நின்ற சோடாவை நம்பாதீர்கள். முதல் நாளே குளிரூட்டி, ஊற்றும் வரை வெளியே எடுக்காமல் வையுங்கள்.

வரிசையும் முக்கியம். 300 மில்லிலீற்றர் கொள்ளும் உயரமான கிளாஸில் அடியில் பாகு, அதன்மேல் கிளாஸைச் சாய்த்துப் பிடித்துச் சுவரோரமாக 150 மில்லிலீற்றர் சோடா, கடைசியாக ஐஸ்கிறீம் உருண்டை. ஐஸ்கிறீமை முதலில் போட்டுச் சோடாவை மேலிருந்து கொட்டினால் நுரை கிளாஸைத் தாண்டி ஓடும். கலக்கிக் கொடுக்கவும் வேண்டாம். பழத்தின் புளிப்பு பாலைத் திரையவைக்கும். பாகு அடியில் கிடந்தால் அது மெதுவாக நடக்கும், அதற்குள் குடித்து முடித்துவிடுவார்கள்.

ஐஸ்கிறீமை முதல் நாள் மாலையே வாங்குங்கள். வெயிலில் முச்சக்கரவண்டியில் கொண்டுவந்து உருகி, மறுபடி உறைந்த ஐஸ்கிறீம் மணல் மணலாக இருக்கும். பால் கொழுப்பில் செய்ததா, தாவரக் கொழுப்பில் செய்ததா என்று பெட்டியில் வாசியுங்கள். இரண்டாவது வகை குளிர்ந்த சோடாவோடு சேரும்போது நாக்கில் ஒரு படலத்தை விட்டுச் செல்வதாக எனக்குத் தோன்றுகிறது. காலையில் ஆட்கள் வருவதற்கு முன்பே உருண்டைகளை அள்ளி, எண்ணெய்த்தாள் விரித்த தட்டில் அடுக்கி மீண்டும் உறையவைத்துவிட்டால் பிறகு எல்லாம் சுலபம். ஒரு லீற்றர் பெட்டியில் பதின்நான்கு உருண்டை அளவில் வரும். இரண்டு பெட்டி வாங்கினால் இரண்டாவது முறை கேட்பவருக்கும் இருக்கும். சோடா கணக்குப்படி மூன்று லீற்றர், நீங்கள் நான்காக வாங்குங்கள்.

பலூடாவைப் போல ஜெலியும் கசகசாவும் சேர்க்க ஆசை வந்தால் கசகசாவை ஊறவைத்துத் தாராளமாகப் போடுங்கள். ஜெலியில் மட்டும் கவனம். கடை ஜெலித் தூளில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கிலிருந்து வருவது. சைவக்காரரும் முஸ்லிம் அயலவரும் ஒரே மேசையில் இருக்கும் வீட்டில் கடற்பாசியில் செய்துவிட்டால் யாரும் யாரிடமும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. நீரிழிவுள்ள பெரியவர்களுக்கு இதே பானத்தைக் குறைத்துக் கொடுப்பதைவிட, சீனி சேர்க்காத கொடித்தோடைச் சாறு ஒரு கரண்டி, சோடா, சிட்டிகை உப்பு என்று தனியாகக் கலந்து கொடுங்கள். என் மாமி அதைக் குடித்துவிட்டு ஐஸ்கிறீமையும் கேட்பார், அது வேறு விடயம்.

பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய் 2023 ஒக்டோபரிலிருந்து இங்கே தடை. கடதாசிக் குழாய் ஐஸ்கிறீமில் ஊறித் துவண்டுவிடும். நீளமான கரண்டி இருபது வீட்டில் இருக்காது, பக்கத்து வீட்டில் கேளுங்கள், அவர்களையும் அழைத்துவிடலாம். ஒருவர் பாகும் சோடாவும் ஊற்ற, இன்னொருவர் உருண்டை போட, ஐந்தைந்து கிளாஸாகக் கொடுத்தால் நெரிசல் இல்லை. பாகு மீந்தால் போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.