டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் சார்ஜரைப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். வீட்டுப் படங்களையும் அக்காவின் கலியாண வீடியோவையும் ஒரே இடத்தில் வைக்க ராஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினிப் போர்டு ஒன்றும், 2 டெராபைட் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் ஒன்றும் மட்டக்களப்பு டவுனில் வாங்கினேன். டிஸ்க்கைப் போர்டில் செருகினால் டிக், டிக் என்று சத்தம் வருகிறது, கொஞ்ச நேரத்தில் காணாமல் போகிறது. கடையில் லேப்டாப்பில் போட்டுப் பார்த்துவிட்டு நல்லாத்தான் இருக்கிறது என்கிறார்கள். போர்டுக்குக் கரண்ட் கொடுப்பது என் போன் சார்ஜரும் இரண்டு மீற்றர் வயரும்தான். டிஸ்க்கை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: தம்பி, அவசரப்பட்டுக் கடைக்குப் போகாதீர்கள். லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிற டிஸ்க் போர்டில் மட்டும் திணறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கரண்ட். தட்டு சுழலத் தொடங்கிப் பலம் போதாமல் நின்று, மறுபடி தொடங்குகிற சத்தம்தான் நீங்கள் கேட்பது. டிஸ்க்கில் கோப்பு பதிந்துகொண்டிருக்கும்போது இப்படி நின்றால் கோப்புகள் உடையும். அதனால் இன்றைக்கே அதைக் கழற்றி, கலியாண வீடியோவை லேப்டாப்பில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ராஸ்பெரி பை 4 கேட்பது 5.1 வோல்ட், 3 அம்பியர். உங்கள் போன் சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஃபாஸ்ட் சார்ஜர் என்றால் 9 வோல்ட்டுக்கு ஒரு கணக்கு, 5 வோல்ட்டுக்கு ஒரு கணக்கு இருக்கும். இந்தப் போர்டு 5 வோல்ட்டை மட்டும்தான் எடுக்கும், அந்த வரியில் பல சார்ஜர்களில் 2 அம்பியர்தான் போட்டிருக்கும். பெட்டியில் பெரிதாக அச்சடித்த வாட் கணக்கை நம்பிப் பலர் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்தது வயர். மெல்லிய நீண்ட வயரில், போய்வரும் இரண்டு கம்பிக்கும் சேர்த்து 0.2 ஓம் தடை இருந்தாலே, 2 அம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். 5 வோல்ட் 4.6 ஆகிறது. 4.63க்குக் கீழே இறங்கினால் போர்டே எச்சரிக்கும். டீவியில் இணைத்துப் பாருங்கள், திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வரும். போர்டு தானே எழுதிவைக்கும் பதிவில், அதாவது லாக்கில், 'அண்டர்-வோல்டேஜ் டிடெக்டட்' என்ற வரியும் விழும். அதைப் பார்த்துவிட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது ராஸ்பெரி பைக்கென்றே வரும் அடாப்டர். அதன் வயர் அடாப்டரோடு சேர்ந்தே வரும், வழியில் குறைவதை ஈடுகட்டத்தான் 5.1 வோல்ட் வைத்திருக்கிறார்கள். சதுர மூன்று முள் பிளக் உள்ளதாகக் கேளுங்கள். பழைய வீட்டு உருண்டைத் துளை சொக்கட்டில் ஆடுகிற மாற்றுப் பிளக்கைப் போட்டு ஓட்ட வேண்டாம்.

அதற்குப் பிறகும் ஒரு எல்லை இருக்கிறது. நான்கு யூஎஸ்பி துளைக்கும் சேர்த்து இந்தப் போர்டு 1.2 அம்பியர்தான் கொடுக்கும். போர்ட்டபிள் டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் நொடியில் 1 அம்பியர் வரை இழுக்கலாம். ஒரு டிஸ்க் ஓடிவிடும், இரண்டாவது வந்தால் திரும்பவும் அதே டிக் டிக். அந்த எண்ணம் இருந்தால், தனி அடாப்டரோடு வருகிற யூஎஸ்பி ஹப் (ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாக்கும் பெட்டி) வாங்குங்கள். சுவரில் செருகாத சாதாரண ஹப் உதவாது, அது அதே 1.2 அம்பியரைப் பங்குபோடும். ஹப் வாங்கியதும் ஒரு சோதனை: போர்டின் அடாப்டரைக் கழற்றிவிட்டு ஹப்பை மட்டும் இணைத்துப் பாருங்கள். போர்டின் சிவப்பு லைட் எரிந்தால் ஹப் பின்பக்கமாகக் கரண்ட் தள்ளுகிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைக்காரர் விஷயம்: டிஸ்க் பழுதில்லையென்றால் மாற்றித் தரக் கேட்பது நியாயமாகாது. ஆனால் 'இந்தப் போர்டுக்கு இது சரியாக வேலை செய்யும்' என்று சொல்லி யாராவது அடாப்டர் விற்று அது போதாமல் போனால், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பற்றுச்சீட்டில் 'ராஸ்பெரி பை 4க்கு' என்று எழுதி வாங்குங்கள். கடை மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கலாம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

கேள்வி: அக்கரைப்பற்றில் இருந்து. ராஸ்பெரி பை 5 வாங்கப்போகிறேன். பழைய 3 அம்பியர் அடாப்டர் போதுமா?

பதில்: போர்டு ஓடும், டிஸ்க் ஓடுவது சந்தேகம். 3 அம்பியர் அடாப்டர் என்று தெரிந்தால் ராஸ்பெரி பை 5 யூஎஸ்பிக்கு 600 மில்லியம்பியர்தான் விடும். 5 அம்பியர், 27 வாட் அடாப்டர் போட்டால் 1.6 அம்பியர். அடாப்டரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் போர்டை வாங்குங்கள்.