வாய் திறக்காத தேரை

அன்புள்ள ஐயா,

எங்கள் பூர்வீக வீடு கானாடுகாத்தான் பக்கம். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து பின்பக்க ஊருணியில் ராத்திரி முழுக்கத் தேரைச் சத்தம். பிள்ளைகள் தூங்குவதில்லை. இப்போது முற்றத்துக்கே வந்துவிட்டன. விஷம் என்கிறார்கள். தேரை மோந்தால் தேங்காய் கெடும் என்கிறார்கள் பெரியவர்கள். உப்புத் தூவினால் போய்விடுமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உப்பைக் கையில் எடுக்காதீர்கள். தேரை தண்ணீர் குடிப்பதே தோலால்தான். அதன் மேல் உப்பைத் தூவுவது உயிரோடு கருவாடு போடுவது. படித்தவர் கேட்கிற கேள்வியா இது? விஷம் முக்கியமாகக் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் இரண்டு சுரப்பிகளில் இருக்கிறது. கவ்வுகிற நாய்க்குத்தான் ஆபத்து. பிள்ளைகள் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். தேங்காய் உள்ளே ஒன்றுமில்லாமல் போவது மகரந்தமும் சத்தும் குறைவதால். தேரைமேல் பழி போடாதீர்கள்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன். ஒரு வாரமாக நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 'நுணலும் தன் வாயால் கெடும்' (நுணல் என்றால் தேரைதான்) என்று சின்ன வயதிலேயே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவே இல்லை.

எட்டு வயதில் அப்பத்தா அரிக்கேன் விளக்கோடு என்னை ஊருணிப் படித்துறைக்குக் கூட்டிப்போனார். கடைசிப் படியில், தண்ணீர் தொடுகிற இடத்தில் ஒரு தேரை. கண்ணைச் சுற்றி மை தீட்டினாற்போலக் கறுப்பு வரம்பு. முதுகில் மரு மருவாக, ஒவ்வொன்றின் நுனியிலும் கறுப்பு. 1799-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த ஷ்னைடர்கூட அந்தக் கரும்புள்ளியைத்தான் பெயரில் வைத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மஞ்சள் தொண்டை, எண்ணெயில் விழுந்த வெள்ளைப் பணியாரம் மாதிரி உப்பியது. குர்ர்ர்ர்ர் என்று நீளமாக ஒரு இழுப்பு.

"வாயைப் பார்றா, தெறந்திருக்கா?" என்றார் அப்பத்தா.

மூடியிருந்தது! நுரையீரலில் இருக்கும் காற்றைத் தொண்டைப் பைக்குத் தள்ளி, திரும்ப இழுத்து, வாயைத் திறக்காமலே தேரை கூப்பிடுகிறது. கூப்பிடுவது ஆண் மட்டும். அதைவிடப் பெரிய உடம்போடு பெண் இருட்டில் சத்தத்தை வைத்துத்தான் தேடி வரும். சத்தம் போடாத தேரை பிழைத்துக்கிடக்கலாம், அதற்கு வம்சம் இருக்காது. வருடம் முழுக்கக் கல்லிடுக்கில் கறையானையும் எறும்பையும் தின்றுகொண்டு மூச்சுக் காட்டாமல் கிடந்தது, மழை பெய்த சில ராத்திரிகளில் குரல் எழுப்புகிறது. அதைப் போய் 'கெட்டது' என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது? அவசரத்தில் ஒரு ஆண் இன்னொரு ஆணைக் கட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது பிடிபட்டது 'க்ளிக் க்ளிக்' என்று சின்னதாகக் கத்தும், மற்றது விட்டுவிடும். அந்த இடத்திலும் காப்பாற்றுவது குரல்தான்.

இன்றைக்கே பிள்ளைகளை டார்ச்சோடு கூட்டிப்போங்கள். பாம்பு இருக்கும், செருப்புப் போட்டுக்கொள்ளட்டும்.

மறுநாள் விடியலில் நாங்கள் திரும்பப் போனபோது, அல்லித் தண்டில் கண்ணாடி நூல் சுற்றினாற்போல இரண்டு சரம். உள்ளே கறுகறுவென்று முட்டை மணிகள். அப்பத்தா குடத்தை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. எதிர்க்கரைப் படித்துறைக்குப் போய் முக்கிக்கொண்டு வந்தார்.