ஜே-1 விசாவில் ‘இரண்டு ஆண்டு’ விதி: அவசரப்பட்டு ஊர் திரும்ப வேண்டாம்

நண்பரே, 2022-இல் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய) ஆய்வுக்காக ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் அமெரிக்கா வந்ததாகவும், விசாவில் ‘இரண்டு ஆண்டு விதி பொருந்தும்’ என்று அச்சாகியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எச்-1பி என்ற வேலை விசாவில் வேலை கையில் இருந்தும் ஊரில் 2 ஆண்டு இருந்துவிட்டுத்தான் வரவேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

பெரும்பாலும் வேண்டியதில்லை. படித்தவர்களெல்லாம் இங்கேயே தங்கிவிட்டால் சொந்த நாட்டில் ஆள் இருக்காது என்றுதான் நாடுவாரியாகத் திறன் பட்டியல் போட்டார்கள்; உங்கள் நாடும் துறையும் அதில் இருந்தால் இந்த விதி பொருந்தும். 2024 டிசம்பர் 9 அன்று வந்த புதிய பட்டியலில் இந்தியா இல்லை. சீனா, பிரேசில்கூட இல்லை. முன்பே வந்தவர்களுக்கும் இது செல்லும். விசாவில் அச்சாகியிருப்பது முடிந்த முடிவும் அல்ல.

ஆனால் ஜே-1 விசாவுக்காக உங்களுக்குத் தந்த டி.எஸ்-2019 படிவத்தை எடுத்து, பணம் எங்கிருந்து வந்தது என்ற பகுதியைப் பாருங்கள். ஃபுல்பிரைட் மாதிரி அரசுப் பணத்தில் வந்திருந்தால் பட்டியல் மாறியும் பயனில்லை, விதி அப்படியே நிற்கும். பேராசிரியரின் ஆய்வு மானியத்தில் வந்த சம்பளம் பொதுவாக இதில் சேராது. சந்தேகமிருந்தால் அமெரிக்க வெளியுறவுத் துறையிடம் ‘அட்வைசரி ஒபினியன்’ (விதி உங்களுக்குப் பொருந்துமா என்ற கருத்து) கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

விதி பொருந்தினால்தான், விலக்குக் கேட்பதற்காக ‘நோரி’ (இந்தியா திரும்பவேண்டிய கட்டாயமில்லை என்ற) சான்றிதழ் வாங்கும் அலைச்சல். 2017-இல் எனக்காக அப்பா வாராவாரம் பஸ் ஏறிச் சென்னைக்குப் போனார். ஓர் அலுவலகத்தில் கோப்பு நான்கு மாதம் தூங்கியது. போகும்போதெல்லாம் “சார் லீவு” என்பார்களாம்!

அப்புறம், மனைவி ஜே-2-வில் (ஜே-1-காரரின் குடும்பத்தினருக்கான விசாவில்) இருந்தால் அவருக்கும் இதே நிலைதான்.