புது ஹோஸ் மாட்டியும் ஆயில் ஒழுகுதா? முறுக்காதீங்க, த்ரெட்டைப் பாருங்க

கேள்வி: அண்ணே, எங்க சித்தப்பா கொடைக்கானல்ல வச்சிருந்த 1971 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இப்ப மதுரை அண்ணாநகர்ல எங்க வீட்லதான் நிக்குது. இன்ஜின் ஆயில ஆற வைக்கிற ஆயில் கூலருக்குப் போற ஹோஸ் வெடிப்பு விட்டு கசிஞ்சுச்சு. ஆன்லைன்ல 'பழைய எம்ஜி கார்களுக்குப் பொருந்தும்'னு போட்டிருந்த ஸ்டீல் பின்னல் ஹோஸ் கிட் 11,500 ரூபாய்க்கு வாங்கினேன். இன்ஜின் பிளாக்குல ஏத்துற அடாப்டர் மூணு சுத்துக்கு மேல போகல, மெக்கானிக் டெஃப்லான் டேப்பச் சுத்தி முறுக்கி ஏத்திட்டாரு. இப்ப முன்னவிட அதிகமா ஒழுகுது. வித்தவங்க 'யூஸ் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது'ங்குறாங்க. இன்னும் கொஞ்சம் டைட் பண்ணிப் பாக்கவா, இல்ல காசு போனது போனதுதானா?

பதில்: தம்பி, முதல்ல ஸ்பேனர கீழ வையுங்க. இன்னும் ஒரு கால் சுத்து போட்டா பிளாக்கோட த்ரெட்டே, அதான் மரையே, போயிரும், ஹோஸ் போனா வேற வாங்கிக்கலாம், 1971 பிளாக்குக்கு எங்க போவீங்க?

மூணு சுத்து போய் நின்னுச்சுன்னு நீங்க எழுதினதுலயே பாதி விஷயம் இருக்கு. பழைய பிரிட்டிஷ் வண்டிகள்ல ஆயில் கூலர் லைனுக்கு பெரும்பாலும் பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் மரை) த்ரெட்தான், பல்லோட கோணம் 55 டிகிரி. சில யூனிவர்சல் கிட்டுல என்பிடி, அதாவது அமெரிக்க பைப் மரை, அடாப்டர வச்சு அனுப்புறாங்க, அது 60 டிகிரி, போகப்போக தடிக்கிற டேப்பர் வேற. 1/2 இன்ச்ல ரெண்டுக்குமே இஞ்சுக்கு 14 மரை, அதனாலதான் ஆரம்பத்துல கைக்கே சுகமா ஏறும், சரியான சாமான்தான்னு நம்பிருவோம், அப்புறம் கவ்விக்கும். கழட்டி எடுத்த அடாப்டர் மேல 55 டிகிரி த்ரெட் கேஜ (மரை அளக்குற பல்லு வச்ச தகடு) வச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிங்க, பல்லுக்கு நடுவுல கோடு கோடா வெளிச்சம் தெரிஞ்சா அது உங்க வண்டிக்கான சாமான் இல்ல. அத அப்படியே ஒரு போட்டோ எடுத்து வையுங்க, பின்னாடி வேணும்.

டேப் விஷயத்துல நான் கண்டிப்பாத்தான் சொல்வேன். நேர் மரை பிஎஸ்பில ஆயில நிறுத்துறது மரை இல்ல, அடியில உக்கார்ற வாஷர், இல்லன்னா கூம்பு மாதிரி சீட்டு. மரைல எத்தன சுத்து டேப் போட்டாலும் சீட்டு உக்காராட்டி ஒழுகத்தான் செய்யும், சூடான இன்ஜின்ல ஓட்டத்துல 50லருந்து 80 பிஎஸ்ஐ வரைக்கும் பிரஷர் இருக்குல்ல, அது இண்டு இடுக்கு தேடிப் போயிரும். கழட்டும்போது டேப் துணுக்க ட்வீசரால ஒண்ணு விடாம எடுங்க. உள்ள போயிருந்தா கூலர்ல அடைச்சுக்கும், இல்ல ஃபில்டர்ல மாட்டும், அதனால கூலரக் கழட்டி மண்ணெண்ணெய் விட்டு ரெண்டு பக்கமும் அலசி ஊதிட்டு, ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திருங்க, இதுல காசு பாக்காதீங்க.

சரியான சாமானுக்கு வெளிநாட்டுல ஆர்டர் போடணும்னு இல்ல. கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் ஜேசிபிக்கும் டிராக்டருக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் கிரிம்ப் பண்றவங்ககிட்ட (ஹோஸ் முனையில ஃபிட்டிங்க நெருக்கி மாட்டுறவங்க) பழைய ஹோஸையே சாம்பிளா கொண்டு போங்க, பிஎஸ்பி அவங்க தினம் புழங்குற சாமான்தான். ஹோஸ் மேல அச்சடிச்ச தேதியப் பாத்து வாங்குங்க, வருசக்கணக்கா ரேக்குல கெடந்த ரப்பர் வேண்டாம். கிரிம்ப் பண்ணினதும் உள்ள ரப்பர் தூள் இருக்கும், காத்து அடிச்சு ஒரு தடவ கழுவி வாங்கிட்டு வாங்க. வாஷருக்கு ரப்பர் ஓரம் வச்ச டவுட்டி வாஷர் கேளுங்க, அதுலயும் விட்டான் ரப்பர், சாதா நைட்ரைலவிட சூடு நல்லா தாங்கும்.

மாட்டும்போது ரெண்டு ஸ்பேனர், ஒண்ணு அடாப்டரப் பிடிக்க, ஒண்ணு நட்டத் திருப்ப. ஒத்த ஸ்பேனர்ல இழுத்து கூலர் கழுத்த முறுக்கிட்டா அப்புறம் கூலரும் சேத்து வாங்கணும். ஸ்டீல் பின்னல் பாக்க அழகா இருக்கும், ஆனா பாடில உரசுனா ரம்பம் மாதிரி அறுக்கும், அது போற வழியில ரப்பர் சுத்துங்க. எல்லாம் முடிச்சு, ஜாயிண்ட்டத் துடைச்சு கொஞ்சம் முகப் பவுடர் தூவிட்டு பத்து நிமிசம் ஓடவிடுங்க, எங்க கசியுதோ அங்க பவுடர் கருத்து ஈரமா ஓடியிருக்கும்.

சாமான் வர்ற வரைக்கும் வண்டி வேணும்னா கூலர விட்டுட்டு பிளாக்குலருந்து ஃபில்டருக்கு நேரா ஒரே லைன் போட்டுக்கலாம், கூலர் இல்லாம வந்த எம்ஜிபில அப்படித்தான் இருக்கும். டவுனுக்குள்ள மட்டும் ஓட்டுங்க, அதுல மட்டும் தயவுசெஞ்சு கொடை மலை ஏறாதீங்க.

இனி காசு. மாட்டிப் பாக்காம த்ரெட் பொருந்துமான்னு வாங்குறவருக்கு எப்படித் தெரியும், அதனால 'யூஸ் பண்ணிட்டீங்க'ங்குறது பதிலே இல்ல. 'எம்ஜிக்குப் பொருந்தும்'னு போட்ட பக்கத்த இப்பவே ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அவங்க மாத்திருவாங்க. பில், சாட், அந்த கேஜ் போட்டோ எல்லாம் சேத்து எழுத்துல கேளுங்க, மசியலன்னா 1915, நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு போன் போட்டு புகார் பதியுங்க. அதுக்கும் அசையலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வித்தவன் எந்த ஊர்ல இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மதுரைலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். அந்த அடாப்டரத் தூக்கிப் போட்டுறாதீங்க, அது சாட்சி.

கேள்வி: பழைய காப்பர் வாஷரத் திரும்பப் போடலாமாண்ணே? (திருமங்கலம் வாசகர்)

பதில்: கீறல் இல்லன்னா போடலாம், ஆனா அப்படியே போடக்கூடாது. ஒரு தடவ நசுங்குன காப்பர் இறுகிப்போயிருக்கும், திரும்ப உக்காராது. கம்பில கோத்து கேஸ் அடுப்புல நல்லா செவக்கிற வரைக்கும் காட்டி தண்ணில போடுங்க. கருப்புத் தோல் உரிஞ்சு விழும், எடுத்து ரெண்டு விரல்ல அமுக்கினா லேசா வளையும், அந்தப் பதம் வந்தாத்தான் சரி. உப்புத்தாள்ல லேசா தேச்சுப் போட்டுக்கங்க. கீறல் நகத்துல தட்டுப்பட்டா மட்டும் புதுசு வாங்கிருங்க, சில்லறைக் காசுதான்.