மாலை போட்ட புரூஸ் லீ

வணக்கம் ஐயா,

நான் மன்னார்குடிக்காரன், சென்னையில் மென்பொருள் வேலை. ஒரே படத்தின் வெவ்வேறு பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிடுவது என் பொழுதுபோக்கு. இப்போது புரூஸ் லீயின் ‘தி பிக் பாஸ்’ (1971). மாண்டரின், கான்டனீஸ் என்ற இரண்டு சீன மொழிப் பதிப்புகள், ஆங்கிலப் பதிப்பு, மூன்றையும் நொடிக்கணக்காக எக்செல்லில் ஏற்றிவிட்டேன். மூன்றுக்கும் மூன்று விதமான இசை. ஒன்றில் இருக்கும் காட்சி இன்னொன்றில் இல்லை. ஐஸ் பாக்டரிச் சண்டையில் புரூஸ் லீ ஒருவன் தலையில் ரம்பத்தை இறக்கும் ஷாட் மூன்றிலுமே இல்லை. ஆனால் அப்பா அதைத் தஞ்சாவூரில் தியேட்டரில் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறார். எக்செல்லைக் காட்டியும் ஒத்துக்கொள்ளவில்லை. எது அசல் பதிப்பு? எந்த இசை சரி? அப்பா கதை விடுகிறாரா?

ச.

அன்புள்ள ச.,

பெற்ற தகப்பனிடம் எக்செல்லைக் காட்டினீர்களா? இதைப் படித்ததும் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். சாயங்காலம் காபி குடித்த பிறகு மறுபடி திறந்தேன். காரணம் அந்த ஐஸ் பாக்டரி. அது என் மண்டையில் நாற்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

(படத்தின் பெயரைப் பார்த்துவிட்டு டிவியில் வீட்டுக்குள் அடைத்துவைக்கும் நிகழ்ச்சி என்று நினைத்து வந்தவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம்.)

இசைக் கேள்வியை ஒதுக்கிவிடுகிறேன். மாண்டரினுக்கு வாங் ஃபூ-லிங், ஆங்கிலத்துக்கு ஜெர்மன்காரர் பீட்டர் தாமஸ், 1983இல் கான்டனீஸில் மறுபடி வெளியிட்டபோது ஜோசப் கூ. எது பிடிக்கிறதோ அதைக் கேளுங்கள். நான் பார்த்தபோது கொட்டகைக்குப் பின்னால் ஆயில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் படத்தின் இசை அதுதான்.

அசல் எது என்பதற்கும் நீளமான பதில் இல்லை. கான்டனீஸ் பேசும் நடிகர். தாய்லாந்தில் பாக் சோங் என்ற சின்ன ஊரில் சுமார் ஒரு லட்சம் டாலரில் எடுத்த படம். படப்பிடிப்பு தொடங்கிய பிறகு டைரக்டர் மாறி லோ வெய் வந்தார். அன்றைய ஹாங்காங் வழக்கப்படி சத்தம் பதியாமல் எடுத்து, பிறகு வேறு யாரோ மாண்டரினில் குரல் கொடுத்தார்கள். அமெரிக்கா போனதும் பெயரே இடம் மாறிவிட்டது. போதை மருந்துக் கதை என்பதால் ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ படத்தைப் பார்த்து ‘சைனீஸ் கனெக்‌ஷன்’ என்று இதற்கு வைத்திருந்த பெயர் புரூஸ் லீயின் அடுத்த படமான ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி’க்குப் போய்விட்டது. அதன் பெயர் கொஞ்சம் திரிந்து ‘ஃபிஸ்ட்ஸ் ஆஃப் ஃபியூரி’ என்று இதன் தலையில் விழுந்தது. பிரிட்டிஷ் தணிக்கைக்காரர்கள் இன்னொரு தினுசு. நஞ்சாக்கு என்ற, சங்கிலியில் கோத்த இரட்டைக் கட்டை கண்ணில் பட்டாலே கத்தரியை எடுத்தார்கள். நிஞ்ஜா ஆமைகள் படம் ஒன்றில் ஓர் ஆமை கறிச் சுருளைச் சங்கிலிபோலச் சுழற்றுவதைக்கூட விடவில்லை. இதில் எங்கே போய் அசலைத் தேடுவீர்கள்?

ஆனால் மூன்று பதிப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சண்டை. தம்பி, இவையெல்லாம் டிஸ்க் போட்டவர்கள் மிச்சம் வைத்தவை. பிலிம் காலத்தில் எத்தனை பிரிண்ட் இருந்ததோ அத்தனை பதிப்பு. அதுவும் முதல் நாள் மட்டும். இரண்டாவது ஊருக்குப் போனதும் அதே பிரிண்ட் வேறு படமாகிவிடும்.

என் சித்தப்பா குத்தாலத்துக்கும் ஆடுதுறைக்கும் நடுவில் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். பெயர் வேண்டாம், முதலாளியின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். தஞ்சாவூரில் ஓடி, கும்பகோணத்தில் ஓடி, மாயவரத்தில் காலைக்காட்சியாக ஓடித் தேய்ந்த பிறகுதான் பெட்டி எங்களுக்கு வரும். ஓரத்து ஓட்டைகள் கிழிந்திருக்கும், நூறு இடத்தில் ஒட்டியிருக்கும். ஓட்டும்போது அறுந்தால் சித்தப்பா வாயில் பீடியோடு இரண்டு முனையையும் பிளேடால் சுரண்டுவார். சின்ன பிரஷ்ஷால் பிலிம் ஒட்டும் சிமெண்ட் தடவுவார், விரலால் அழுத்தி எண்ணுவார், விடுவார். அந்தச் சிமெண்டுக்கு நெயில் பாலிஷ் வாசனை. ஒவ்வொரு ஒட்டுக்கும் பிலிமில் இரண்டு கட்டமாவது (ஃபிரேம்) போகும். ஒரு நொடிக்கு இருபத்து நாலு கட்டம். பன்னிரண்டு ஊரில் ஒரே இடத்தில் அறுந்தால் ஒரு நொடி காலி. ஒரு நொடி என்பது புரூஸ் லீயிடம் இரண்டு உதை. கை ஓங்குவதற்குள் எதிரி விழுந்து கிடப்பான். அதைத்தான் நாங்கள் வேகம் என்று வாய் பிளந்து பார்த்தோம்.

இது தேய்மானம். வேண்டுமென்றே வெட்டியது வேறு. எங்கள் கொட்டகையில் ஒரே புரொஜக்டர், ரீல் மாற்ற மாற்ற இடைவேளை. இரண்டாம் ஆட்டம் முடிய ஒரு மணி தாண்டினால் முதலாளிக்கு டீசல் கணக்கு உதைக்கும். இங்கிலீஷ் படத்தில் ரெண்டு பேர் நின்று பேசினால் தரை டிக்கெட்டில் விசில் பறக்கும். ‘பேச்ச எடு, அடிய வுடு’ என்பது உத்தரவு. ஹாங்காங்கிலும் லண்டனிலும் அடியை வெட்டினார்கள். எங்கள் காவிரிக்கரையில் அடியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டினோம். இந்தப் பதிப்பு உங்கள் எக்செல்லில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

1981, தை அறுவடை முடிந்த சமயம். சீர்காழி கோவிந்தராஜன் குரல் கேட்டால் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தேன். படம் தொடங்கியது. புரூஸ் லீ ஊருக்கு வருகிறான், ஐஸ் பாக்டரியில் வேலைக்குச் சேருகிறான். அடியாட்கள் வருகிறார்கள். அவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். சொந்தக்காரப் பையன்கள் அடி வாங்குகிறார்கள், இவன் பல்லைக் கடிக்கிறான், அடிக்கமாட்டேன் என்கிறான். கழுத்தில் கிடக்கும் பச்சைக்கல் டாலரைத் தொட்டுக்கொள்கிறான். சண்டை போடமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறான், கூட வந்த மாமா அதைத் தொடக்கத்திலேயே நினைவூட்டுகிறார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. அந்தப் பேச்சுதான் கொட்டகையில் இல்லையே.

கூட்டத்தில் சலசலப்பு. கோழைப் பயலைக் காட்டவா காசு வாங்கினீர்கள் என்று ஒருவர் கத்தினார். அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வண்டிக்காரப் பெரியவர் எழுந்து, ‘சும்மா இருங்கடா, அவன் மாலை போட்டிருக்கான்’ என்றார்.

கொட்டகையே அடங்கிவிட்டது. எங்கள் தெருவில் அப்போதுதான் சபரிமலைக்குப் போய் வந்திருந்தார்கள். கழுத்தில் மாலை இருக்கும்வரை கை ஓங்கக்கூடாது, வாய் தடிக்கக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். பிறகு ஒருவரும் விசில் அடிக்கவில்லை. அவன் பொறுத்துக்கொண்டு நிற்க நிற்க, பெண்கள் பக்கத்திலிருந்து ‘சாமி, சாமி’ என்று உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டது. கலவரத்தில் ஒருவன் கைபட்டு அந்த டாலர் உடைந்தது பாருங்கள், கீற்று பறந்துவிடும்போல ஒரு கத்தல். அதற்குப் பிறகு பாக்டரிக்காரர்கள் அவனை மேஸ்திரி ஆக்கி, விருந்துக்குக் கூப்பிட்டுக் குடிக்கவைக்கிறார்கள். ‘மாலைய கழட்டுனதும் தண்ணிய போட்டுட்டான் பாரு’ என்று பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். கதை ஓர் இடத்திலும் இடிக்கவில்லை. நானும் பிற்பாடு டிவிடியில் முழுதாகப் பார்த்தேன். மாமா பேசும் இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தில் ஐஸ் பாளத்துக்குள் பிணத்தை வைப்பார்கள் இல்லையா? படம் ஓடிய வாரம் முழுக்கக் குச்சி ஐஸ்காரர் பெட்டியைத் திறக்காமலே திரும்பிப் போனார். நாகப்பட்டினத்திலிருந்து உமியில் புதைத்து வரும் ஐஸ் பாரைத் தொடவே எங்கள் அத்தைக்குப் பயம். இது எந்தப் பதிப்பில் சேரும்?

சித்தப்பா வெட்டிய துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பார். நாங்கள் திருடுவோம். பியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, அப்பாவின் வேட்டியில் படம் காட்டுவோம். அப்படி எடுத்த ஒரு துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு அடி நீளம், பதினாறு கட்டம். நிறமெல்லாம் போய் ரோஜாச் சிவப்பாகிவிட்டது. ஒரு பெரியவரும் ஓர் இளைஞனும் நிற்கிறார்கள். இளைஞன் கை கழுத்துப் பக்கம். சின்ன வயதில் அது யார் என்றே தெரியவில்லை. டிவிடி பார்த்த ராத்திரிதான் டின்னைத் தேடி எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.

சித்தப்பா போவதற்கு ஒரு வருடம் முன்பு மாயவரத்தில் அவர் மகள் வீட்டில் பார்த்தேன். காது மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து உரக்கக் கேட்டேன்: “சித்தப்பா, அந்த இங்கிலீஷ் படத்துல மாமாக்காரர் பேசுற எடத்த ஏன் வெட்டுனீங்க?”

நிமிர்ந்து உட்கார்ந்தார். “எந்த எடம்? நான் எதையும் வெட்டுல. பொட்டி வர்றப்பவே அப்படித்தான் வந்துச்சு.”

அந்தத் துண்டு என் சட்டைப் பையில், கவருக்குள் இருந்தது. அவரிடம் காட்டத்தான் கொண்டுபோயிருந்தேன். வெற்றிலை மடித்துக் கொடுத்தேன். பேச்சு நெல் விலைக்குப் போனது.